பச்சைக் கரை போட்ட ஜன்னல்

பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடமே நான் முழுநேர மொழிபெயர்ப்பாளராகிவிட்டேன். அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வாசலில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, படிகளில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, பலகையை ஒருமுறை வாசித்த பிறகுதான் ஆட்கள் மணியை அடிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, விவாகரத்துத் தீர்ப்பு, பொலிஸ் முறைப்பாடு எல்லாம் வரும். சிங்களத்தில் இருப்பதைத் தமிழுக்கும் தமிழில் இருப்பதை ஆங்கிலத்துக்கும் மாற்றி, முத்திரை குத்திக் கையொப்பம் வைப்பேன். இப்போது பாதிப் பேர் படி ஏறுவதில்லை. போனில் படம் பிடித்து ஈமெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள், யாருக்கு எந்த ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, யாருடைய அப்பா பெயர் பதிவில் இல்லை என்பதெல்லாம் என் ஈமெயில் கடிதப் பெட்டிக்குள் இருந்தது.

அந்தப் பெட்டியின் சாவியைத்தான் ஒருநாள் நானே இன்னொருவனிடம் எடுத்துக் கொடுத்தேன். பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்த ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டே கொடுத்தேன். அது எப்படி நடந்தது என்று இரண்டு பேரிடம் விளக்கம் கேட்டேன். மூன்று விளக்கம் கிடைத்தது, ஒவ்வொன்றும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

முதலில் அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் தமிழ். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டாலும் இன்றைக்கும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். இருவருடைய லெப்டொப்பும் ஒரே நேரத்தில் ஆமையாகிப்போனதால், ஒரு சனிக்கிழமை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி டவுனில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சிங்களவர், ஐம்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். கையிலிருக்கும் ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிய பிறகுதான் நாம் கேட்டதற்குப் பதில் வரும். இரண்டு லெப்டொப்பையும் துப்புரவாக்கிவிட்டு, ஒரே அன்டிவைரஸை இரண்டிலும் போட்டுத் தந்தார்.

அதற்குள் ஒரு தனி ப்ரௌசர் இருந்தது. அதைத் திறந்தால் திரையைச் சுற்றிலும் சேலைக் கரை மாதிரி ஒரு பச்சைக் கோடு வரும். வங்கிப் பக்கத்துக்குப் போனால் அதுவே தானாகத் திறந்துகொள்ளும். “பச்சை இருந்தா பயமில்ல மிஸ்,” என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் ஆள். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

தோழிக்கு அந்த ஜன்னல் பிடிக்கவில்லை. திறக்க நேரம் எடுக்கிறது என்றார். உள்ளே அது என்ன செய்கிறது என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டார். அவர் ‘பாதுகாக்கும்’ என்றார். எப்படிப் பாதுகாக்கும் என்று கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. அதற்குப் பிறகு தோழி அதைத் தொடவே இல்லை, பழைய ப்ரௌசரிலேயே இருந்துவிட்டார். எனக்கோ அது நன்றாகப் பிடித்துப்போனது. வங்கிக்கு நல்லதென்றால் கடிதப் பெட்டிக்கும் நல்லதுதானே என்று என் ஈமெயிலையும் அதற்குள்ளேயே திறக்கத் தொடங்கினேன். பழைய ப்ரௌசர் என் கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருந்து தானே போட்டுவிடும். இது எதையும் ஞாபகம் வைக்காது, ஒவ்வொரு முறையும் நானே தட்ட வேண்டும். அந்தக் கரைச்சலையும் ஒரு பாதுகாப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சம்பவம் நடந்தது ஒரு பின்னேரம். மழை. ஒரு காணி உறுதிப் பத்திரத்தின் பழைய சிங்களத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். கடிதப் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே உறுதிப்படுத்தாவிட்டால் புதிய கடிதங்கள் திரும்பிப் போய்விடும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. நிரம்பியிருக்கும் என்று நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை. அத்தனை படங்கள் வந்து கிடந்தன. லிங்கை அழுத்தினேன். எப்போதும் வருகிற அதே பக்கம், அதே எழுத்து. சுற்றிலும் பச்சைக் கரையும் இருந்தது. அந்தக் கரையை நான் பார்த்தேன் என்பது நல்ல ஞாபகம். பார்த்துவிட்டுத்தான் கடவுச்சொல்லைத் தட்டினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. நானும் காணி உறுதிக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் தோழி போனில் கோல் எடுத்தார்.

“டீச்சர், எனக்கு ஏதும் பத்திரம் அனுப்பினீங்களா?”

இல்லை என்றேன். மொழிபெயர்த்த பத்திரம் தயார், திறந்து பாருங்கள் என்று என் பெயரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றார். தனக்கு எந்தப் பத்திரமும் வரவேண்டியதில்லையே என்று யோசித்தபடியே லிங்கை அழுத்தியிருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பாகி, இது மோசடிப் பக்கம், உள்ளே போகாதீர்கள் என்று அன்டிவைரஸ் மறித்துவிட்டதாம். அவர் அழுத்தியது பழைய ப்ரௌசரில்.

நான் ஓடிப்போய் என் பெட்டியைத் திறந்தேன். கடவுச்சொல் பிழை என்றது. திரும்பத் தட்டினேன். பிழை. லெப்டொப்பை மூடிப் பையில் போட்டேன்.

பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனேன். கடைக்காரர் வேறு வேலையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூவை முடுக்காமலே எழுந்து வந்தார், அதிலிருந்தே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வேளையாகக் கணக்கில் என் போன் நம்பர் மாறாமல் இருந்தது. அதற்கு வந்த இலக்கத்தைப் போட்டுப் பெட்டியை ஒரு மணித்தியாலத்துக்குள் மீட்டுத் தந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், எனக்கு எப்போதாவது எழுதிய அத்தனை பேருக்கும் என் பெயரில் அந்தக் கடிதம் போயிருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் நான் மொழிபெயர்க்கவில்லை, கோல் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரிடமும் என் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சிலர் நான் திரும்பவும் ஏதோ ஏமாற்றுவதற்காகத்தான் பேசுகிறேன் என்று போனை வைத்தார்கள். ஒருவர், கடிதம் கிடைத்தது, நன்றி என்று பதிலும் போட்டுவிட்டதாகச் சொன்னார். விவாகரத்து வழக்கில் இருந்த ஒரு பெண் நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு, தன்னுடைய தீர்ப்பு இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன். 

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. திரும்பவும் தோழியின் கோல். இந்த முறை குரல் வேறாக இருந்தது. மகளுக்கும் கடிதம் வந்திருக்கிறது, போனில் திறந்து கடவுச்சொல்லையும் போட்டுவிட்டாள், இப்போது அவளுடைய பெட்டிக்குள் ஒன்றுமே வருவதில்லை என்றார்.

தோழியின் மகள் கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். கணவன் வெளிநாட்டில். அவனிடம் போவதற்கான விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணப் பதிவையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்தது நான்தான். ஆகவே பத்திரம் தயார் என்று என் பெயரில் வந்த கடிதத்தைத் திறக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. நான் கோல் எடுத்தவர்களின் பட்டியலில் அவள் இல்லை. தாய்க்குத் தெரிந்தால் மகளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

முத்திரையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாக எடுத்தது. பாலத்தில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. பஸ்ஸுக்குள் இருந்தபடி மகாவலியைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பிள்ளையிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன். 

வீட்டுக்குள் போனதும் தோழி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மகள் கதிரையில் இருந்தாள், மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. குழந்தை விழித்துவிடாமல் மெதுவாகத்தான் பேசினாள்.

“உங்கட பேர் இருந்திச்சு ஆன்ட்டி. உங்கட பேர் இருக்கிற கடிதத்த நான் ஏன் சந்தேகப்படணும்?”

நான் தேநீரைக் குடித்தேன். சுட்டது. எனக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது. பச்சைக் கரை இருக்கிற ஜன்னலை நான் ஏன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்?

அங்கிருந்தே கொழும்பிலிருக்கும் என் தம்பிக்குக் கோல் எடுத்தேன். அவன் ஒரு நிறுவனத்தின் கம்பியூட்டர் பிரிவில் வேலை செய்கிறான். அவன் சொல்லச் சொல்ல, தோழி லெப்டொப்பில் மகளுடைய பெட்டிக்குள் போனார். திருடன் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தான். அதற்குப் பதிலாக ஒரு விதி எழுதி வைத்திருந்தான். உள்ளே வருகிற எந்தக் கடிதமும் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி ஒரு கட்டளை. யாராவது ‘நீ அனுப்பியதுதானா’ என்று கேட்டு எழுதினால் அவளுக்குத் தெரியக்கூடாதென்று இப்படிச் செய்வார்களாம். தம்பி சொன்ன இடத்தில் அழுத்தினோம். விதியை அழித்தோம். கடவுச்சொல்லையும் மாற்றினோம். பிறகு குப்பையைத் திறந்தோம்.

மேலிருந்து நான்காவதாகத் தூதரகத்தின் கடிதம் கிடந்தது. நேர்முகப் பரீட்சைக்கு வியாழக்கிழமை காலையில் கொழும்புக்கு வரும்படி எழுதியிருந்தார்கள். மூலப் பத்திரங்களோடு மொழிபெயர்ப்புகளின் புதுப் பிரதிகளும் வேண்டுமாம்.

 தோழி எழுந்து அலுமாரியைத் திறந்து பத்திரங்களை எடுத்தார். பக்கத்துத் தெருவில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தோம். சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திக் கையொப்பம் போட்டேன். அவசரத்தில் முதல் கையொப்பம் என்னுடையதைப் போலவே வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றில் போட்டேன்.

வியாழக்கிழமை அவள் போனாள். சில வாரங்களில் விசாவும் வந்தது. நான் தப்பித்தேன். தோழி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் கணித டீச்சர் அல்லவா, கணக்குச் சரிவராமல் விட அவருக்கு மனமில்லை. ஒரே அன்டிவைரஸ். பாதுகாப்பான ஜன்னலில் இருந்த நான் மாட்டிக்கொண்டேன், பாதுகாப்பில்லாத ஜன்னலில் இருந்த அவர் தப்பித்தார். எப்படி? இருவரும் லெப்டொப்புகளைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மாடிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் அழுத்தியபோது அந்த மோசடிப் பக்கம் பிறந்து சில மணித்தியாலங்கள்தான் ஆகியிருக்கும், அன்டிவைரஸின் பட்டியலில் வந்திருக்காது, தோழிக்கு வந்த பக்கம் அதற்குள் பட்டியலில் ஏறியிருக்கும் என்றார். அது விளங்கியது. உடனே இன்னொன்றும் சொன்னார். பழைய ப்ரௌசரில் லிங்குகளைச் சோதிக்க அன்டிவைரஸ் சேர்த்துப் போட்ட ஒரு இணைப்பு, அதாவது எக்ஸ்டென்ஷன், இருக்கிறது, பச்சை ஜன்னல் எந்த இணைப்பையும் உள்ளே விடாது, அதனாலும் இருக்கலாம். இரண்டில் எது காரணம் என்று கேட்டேன். சிரித்தார். சரியாகச் சொல்ல முடியாது என்றார்.

அப்படியென்றால் அந்த ஜன்னலால் பிரயோசனமில்லையா என்று தோழி கேட்டார். அவர் என் பழைய ப்ரௌசரைத் திறந்து, நான் எப்போதோ இலவசமாக இறக்கி வைத்த ஒரு சின்ன இணைப்பைக் காட்டினார். படங்களைப் பிடிஎப் ஆவணமாக மாற்றித் தருவது. என் வேலைக்குத் தினமும் பயன்பட்டது. நான் திறக்கிற எல்லாப் பக்கங்களையும் வாசிக்க அதற்கு நானே அனுமதி கொடுத்திருந்தேனாம். “இது உங்கட பேங்க் பக்கத்தையும் வாசிச்சிருக்கும் மிஸ். பச்சை ஜன்னலுக்குள்ள இதால வர ஏலாது.” அது உண்மையில் எதையாவது களவெடுத்ததா என்று கேட்டேன். அதுவும் சொல்ல முடியாது என்றார். நாங்கள் படி இறங்கினோம். மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்து போனோம். “இது இன்னும் மோசமாச்சே டீச்சர், எந்த ஜன்னலையும் நம்ப ஏலாது போல,” என்றார் தோழி.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். அவனிடமும் கேட்டேன். அவனுக்கு அந்த ஜன்னலில் நம்பிக்கையே இல்லை. சாதாரண ப்ரௌசரை ஒழுங்காகப் புதுப்பித்து, தேவையில்லாத இணைப்புகளைத் தூக்கிவிட்டால் அதுவே போதும், மற்றதெல்லாம் விற்பதற்குப் போட்ட அலங்காரம் என்றான். அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

“அக்கா, பழசுல உங்க பாஸ்வேர்ட அதுவே போடும் இல்லியா? பொய்ப் பக்கத்துக்குப் போயிருந்தா அது போட்டிருக்காது. அட்ரஸ் வேறன்னு அதுக்குத் தெரியும். ஏன் இன்னைக்கு வரலன்னு நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பீங்க.”

அதாவது எதையும் ஞாபகம் வைக்காத ஜன்னலில் தினமும் கையால் தட்டித் தட்டி, எந்தப் பக்கம் கேட்டாலும் தட்டிக் கொடுக்க நான் பழகிவிட்டேன். பாதுகாப்பு என்று நான் நினைத்த அந்தக் கரைச்சலே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அப்படியென்றால் அதைக் கழற்றி எறிந்துவிடட்டுமா என்று கேட்டேன். தம்பி கொஞ்சம் தயங்கினான். கடைக்காரர் கண்டுபிடித்த இணைப்பைப் பற்றிச் சொன்னதும் இன்னும் தயங்கினான். வங்கிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை என்றான். அலங்காரம் என்று சொன்னவனும் அவன்தான்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். வங்கிக்குப் பச்சை ஜன்னல். கடிதத்துக்குப் பழையது. பெட்டியைத் திறக்கப் போனுக்கு ஒரு இலக்கம் வரும்படியும் தம்பி செய்து தந்தான். இலவச இணைப்பைத் தூக்கிவிட்டோம். அன்டிவைரஸின் வருடம் முடிய, புதுப்பிக்கச் சொல்லித் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. தோழி கோல் எடுத்து, போடுவோமா விடுவோமா என்று கேட்டார். தன்னைச் சிவப்புத் திரை காப்பாற்றியது, ஆகவே போட வேண்டும் என்றார். என்னைப் பச்சைக் கரை காப்பாற்றவில்லை, ஆகவே வேண்டாம் என்று அவரே சொன்னார். இரண்டும் ஒரே அன்டிவைரஸில் வருவதுதான் என்றேன் நான். கடைசியில் போட்டோம். ஏன் போட்டோம் என்று யாராவது கேட்டால், போடாமலிருக்கப் பயமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியாது.

போன மாதம் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். காலையில் கொழுந்து பறிக்கப் போகாமல் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். தன் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பிழையாக விழுந்து கிடக்கிறது, திருத்துவதற்கு மாவட்டச் செயலகக் கச்சேரியில் மொழிபெயர்ப்புக் கேட்கிறார்கள் என்றார். நான் தாளை ஸ்கேன் பண்ண எடுத்தபோது, அவர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இத கம்பியூட்டருக்குள்ள போடுவீங்களாங்க? அதுல இருந்து யாரும் எடுத்துற மாட்டாங்களே?”

முன்பென்றால் பயப்படாதீர்கள், எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று உடனே சொல்லியிருப்பேன். வாய் அப்படித்தான் ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். முன்னே ஒருமுறை எடுத்துவிட்டார்கள், இப்போது கவனமாக இருக்கிறேன், ஆனால் எடுக்கவே முடியாது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றேன். சத்தியம் பண்ணுவதுதான் என் தொழில் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தாளை விடாமல் யோசித்தார். கையால் எழுதித் தர முடியாதா என்று கேட்டார். கையெழுத்தில் கொடுத்தால் அங்கே எடுக்க மாட்டார்கள் என்றேன்.

பிறகு ஒரு வழி செய்தோம். அவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்டர்நெட் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஸ்கேன் பண்ணாமல், தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தட்டினேன். பிரின்ட் எடுத்தேன், முத்திரை குத்தினேன், கையொப்பம் வைத்தேன். அவர் முன்னாலேயே லெப்டொப்பில் இருந்ததை அழித்தும் காட்டினேன். அவருக்குத் திருப்தி. தாயின் பெயர் இருந்த வரியை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு தாளையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை மார்போடு பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அவர் போனதும் வயரைத் திரும்பக் குத்தினேன். இன்டர்நெட் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இவ்வளவும் தேவைதானா, வயரைக் கழற்றியதால் ஏதாவது ஆனதா என்று தம்பிக்குக் கோல் எடுத்துக் கேட்க நினைத்தேன். அவன் ஒன்று சொல்வான், கடைக்காரர் ஒன்று சொல்வார். போனைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பத்திரத்தை எடுத்தேன்.